"ஒரே பூமி"யின் தோன்றா எழுவாய்: சர்வதேசச் சூழல் உடன்படிக்கைகளின் மொழி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

"மனிதன் இயற்கையை அழித்துவிட்டான்" என்னும் வாக்கியம் இன்று பாடசாலைப் பேச்சுப் போட்டிகளிலிருந்து ஐக்கிய நாடுகள் தாபனத்தின் அரங்குகள் வரை ஒலிக்கின்றது. இலக்கண வழு எதுவும் அதிலே இல்லை. எழுவாயும் உண்டு, பயனிலையும் உண்டு. ஆயினும், அவ்வெழுவாய் யாரைச் சுட்டுகின்றது என வினவத் தொடங்கியதும் வாக்கியம் தடுமாறுகின்றது. மான்செஸ்டரிலே நீராவி இயந்திரத்தை ஓட்டிய ஆலை முதலாளியும், அவ்வியந்திரத்துக்கு வேண்டிய நிலக்கரியைச் சுரங்கத்திலே தோண்டிய தொழிலாளியும், இலங்கை மலையகத்திலே கோப்பிச் செடிக்காகக் காடழிக்க ஏவப்பட்ட தென்னிந்தியக் கூலியும் ஒருங்கே "மனிதன்" ஆகிவிடுகின்றனர். இலாபம் ஒருவருக்கும் பழி எல்லோருக்குமாக அமைந்துவிடுகின்றது.

தமிழ் இலக்கணகாரர் தோன்றா எழுவாய் என ஒன்றைக் கூறுவர். "வந்தான்" என்ற அளவிலே, வந்தவன் யார் என்பதை இடம் நோக்கிக் கேட்போர் உணர்ந்து கொள்வர். எழுவாய் தோன்றாதிருப்பினும் மறைக்கப்படவில்லை. கடந்த அரை நூற்றாண்டுக் காலமாக இயற்றப்பட்டுவரும் சர்வதேசச் சூழல் உடன்படிக்கைகளை வாசிப்போர் அங்கும் ஒரு தோன்றா எழுவாயைக் காண்பர். ஆனால், அது உணரப்படாதிருத்தல் வேண்டும் என்பதற்காகவே தோன்றாதிருப்பது. பூமி மாசடைகின்றது, காடு அழிக்கப்படுகின்றது, கடல் மட்டம் உயர்கின்றது. செய்தவர் யார், செய்ததற்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற வினாக்கள் சொற்களின் இடுக்குகளிலே மறைந்து போகின்றன. இம்மறைப்பு எவ்வாறு நிகழ்ந்தது, எப்பொழுதெல்லாம் குலைந்தது என்பதனை வரலாற்று அடிப்படையிலே நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய மாணவன் ஒருவன் இத்துறையிலே புகுவதற்கு வேறு நியாயம் தேவையில்லை எனக் கருதுகின்றேன். உடன்படிக்கைகளும் பனுவல்களே, அவற்றை இயற்றுவோருக்கும் வர்க்க நலன்கள் உண்டு.

1

சூழற் பிரச்சினை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே திடீரெனத் தோன்றியதொன்றன்று. 1867 இல் வெளிவந்த "மூலதனம்" முதலாம் பாகத்திலே, இயந்திரங்களும் பெருந்தொழிலும் பற்றிய அத்தியாயத்தை முடிக்குமிடத்து, முதலாளித்துவ விவசாயத்தின் முன்னேற்றம் தொழிலாளியைக் கொள்ளையிடுவதோடு மண்ணையும் கொள்ளையிடுவதிலே காணும் முன்னேற்றமாகும் என மார்க்ஸ் எடுத்துக் காட்டினார். ஜேர்மானிய இரசாயனவியலாளரான யூஸ்டஸ் லீபிக்கின் ஆய்வுகளை அவர் ஊன்றிக் கற்றிருந்தார். நாட்டுப்புறத்து மண்ணின் சத்து, உணவாகவும் நூலாகவும் நகரத்தைச் சென்றடைகின்றது, திரும்பி வருவதில்லை. இங்கிலாந்தின் வயல்கள் சாரமிழந்தபொழுது, பெரு நாட்டுத் தீவுகளிலே படிந்திருந்த கடற்பறவை எச்சம் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டது. அதனை வெட்டி ஏற்றியோருள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட சீனர் பெருந்தொகையினர். ஒரு நாட்டு மண்ணின் நோய்க்கு இன்னொரு நாட்டு மண்ணும் மூன்றாவது நாட்டு உழைப்பும் மருந்தாயின.

எங்கெல்சு 1876 அளவில் எழுதி, பின்னர் "இயற்கையின் இயக்கவியல்" என்னும் நூலிலே சேர்க்கப்பட்ட கட்டுரையொன்றில் கியூபாவின் கோப்பித் தோட்டங்களைக் குறிப்பிடுகின்றார். ஸ்பானியத் தோட்டக்காரர் மலைச்சரிவுகளிலே காட்டை எரித்தனர். சாம்பல் ஒரு தலைமுறைக் கோப்பிச் செடிகளுக்கு எருவாகியது. அதன் பின்னர் மழை மேல்மண்ணை வாரிச் சென்று வெறும் பாறையை மிச்சம் வைத்ததைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை. கியூபாவுக்குச் சொன்னது இலங்கைக்கும் பொருந்தும். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம் மலைநாட்டுக் காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாக்கித் தோட்டக்காரருக்கு விற்பதற்கு வழி வகுத்தது. காடு விழுந்தது, கோப்பி எழுந்தது. 1869 இல் இனங்காணப்பட்ட இலைநோய், ஒரே பயிர் இடைவெளியின்றி நின்ற மலைகளிலே பரவி, இரு தசாப்தங்களுக்குள் அத்தொழிலைப் பெரும்பாலும் துடைத்தெறிந்தது. தோட்டக்காரர் தேயிலைக்கு மாறினர். மண்ணரிப்பும் லயன் அறைகளும் எஞ்சின. இவ்வழிவுக்கு எழுவாய் தேட வேண்டியதில்லை. காணி உறுதிகளிலே பெயர்கள் உள்ளன.

2

1972 யூன் 5 முதல் 16 வரை ஸ்டொக்ஹோமிலே மனிதச் சூழல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு நடைபெற்றது. 113 நாடுகள் பங்குபற்றின. அதற்கெனத் தயாரிக்கப்பட்டு, பார்பரா வார்ட், ரெனே டூபோஸ் ஆகியோரால் எழுதப்பட்ட நூலின் தலைப்பே "ஒரே பூமி" என்னும் சுலோகமாக மாறியது. அதே ஆண்டிலே ரோமாபுரிக் கழகத்தின் சார்பில் வெளியான "வளர்ச்சியின் எல்லைகள்" என்னும் அறிக்கையும் மேலைநாட்டு மத்தியதர வர்க்கத்தினரை உலுக்கியிருந்தது. சனத்தொகை, உணவு, கனிப்பொருள், மாசு ஆகியன கணினியிலே கோடுகளாக வளைந்து சரிந்தன. அக்கோடுகளுக்கு வர்க்கம் இல்லை, நாடும் இல்லை.

ஒரே பூமி என்ற சுலோகத்துக்கு மாறாக, மாநாட்டு மண்டபத்திலே இரண்டு உலகங்கள் அல்ல, மூன்று உலகங்கள் இருந்தமை முதல் நாளிலேயே தெளிவாயிற்று. கிழக்கு ஜேர்மனி சமநிலையிலே அழைக்கப்படாமையால் சோவியத் யூனியனும் அதன் அணியைச் சேர்ந்த பெரும்பாலான நாடுகளும் வரவில்லை. சுவீடனின் பிரதமர் ஒலோவ் பால்மே வியட்நாமிலே காடுகளும் வயல்களும் இரசாயனங்களாலும் குண்டுகளாலும் அழிக்கப்படுவதைக் கண்டித்துப் பேசினார், வாஷிங்டன் சினமுற்றது. சூழல் மாநாட்டிலே போரைப் பற்றிப் பேசலாகாது என்பது அமெரிக்காவின் நிலைப்பாடு. அதற்கு முந்திய ஆண்டுகளிலே வியட்நாமில் திட்டமிட்ட காடழிப்பு விமானங்களிலிருந்து பெருமளவில் நடத்தப்பட்டிருந்தது.

பால்மேயை விடுத்தால் மாநாட்டுக்கு வந்த ஒரே அரசாங்கத் தலைவர் இந்திரா காந்தி ஆவார். வறுமையைத் தீர்க்காது சூழலைக் காக்க முடியாது என்பது அவர் உரையின் சாரம். அவ்வுரை பின்னர் பலராலும் பலவாறு பயன்படுத்தப்பட்டது. வறியவரே மாசுபடுத்துவோர் என்ற பொருளிலே அதனைத் திரித்தோரும் உண்டு. ஆயின், அக்கருத்துக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1971 யூனிலே சுவிற்சர்லாந்தின் ஃபூனே என்னும் சிற்றூரிலே கூடிய நிபுணர் குழு, வறிய நாடுகளின் சூழற் பிரச்சினை பெரும்பாலும் அபிவிருத்தியின்மையின் விளைவே என்னும் நிலைப்பாட்டை முதன்முறையாக ஒழுங்குபட வகுத்தது. அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பின்னர் ஐக்கிய நாடுகள் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டின் செயலாளர் நாயகமாக விளங்கிய இலங்கையரான காமினி கொரயா. நம் நாட்டுப் பொருளியலாளர் ஒருவரின் இப்பங்களிப்பு நம்மிடையே போதிய அளவு பேசப்படாதமை வியப்புக்குரியது.

ஸ்டொக்ஹோம் பிரகடனம் 26 கோட்பாடுகளைக் கொண்டது. அவற்றுள் முதலாவது கோட்பாடே இன ஒதுக்கல், குடியேற்ற ஆட்சி, அந்நிய மேலாதிக்கம் ஆகியவற்றைப் பெயர் சுட்டிக் கண்டிக்கின்றது. சூழல் பற்றிய ஆவணம் ஒன்று குடியேற்றவாதத்தின் கண்டனத்தோடு தொடங்குதல் இன்று நம்புதற்கரிய செய்தியாகத் தோன்றலாம். அது 1972. அல்ஜீரியா விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள், வங்காளதேசம் தோன்றி ஓராண்டும் நிறையவில்லை, அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் உலகத்தின் குரலை ஒதுக்க முடியாத காலம் அது. பனுவலின் முதல் வாக்கியத்தை எழுதியவை அப்போராட்டங்களே எனலாம். இருபது ஆண்டுகளின் பின் றியோ டி ஜெனீரோவிலே இயற்றப்பட்ட பிரகடனம் 27 கோட்பாடுகளைக் கொண்டது. அதன் முதலாவது கோட்பாடு, நிலைபேறான அபிவிருத்தி தொடர்பான அக்கறைகளின் மையத்திலே மனிதர் உள்ளனர் எனத் தொடங்குகின்றது. பன்னிரண்டாவது கோட்பாடு திறந்த சர்வதேசப் பொருளாதார அமைப்பை வேண்டி நிற்கின்றது. இடைப்பட்ட இருபதாண்டுகளிலே கடன் நெருக்கடியும், கட்டமைப்புச் சீராக்கமும், சோவியத் யூனியனின் வீழ்ச்சியும் நிகழ்ந்திருந்தன. குடியேற்றவாதம் என்ற சொல் போயிற்று. சந்தை உள்ளே வந்தது.

இன்னொன்றையும் இவ்விடத்திலே குறிப்பிடல் வேண்டும். மாசுபடுத்துபவரே செலவை ஏற்றல் வேண்டும் என்னும் கோட்பாட்டை, செல்வந்த நாடுகளின் சங்கமான பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான தாபனமே 1972 மே மாதத்திலே ஏற்றுக்கொண்டது. ஒரு நாட்டுக்குள்ளே ஆலை முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலே செலவைப் பங்கிடுவதற்காக வகுக்கப்பட்ட நெறி அது. அதே நெறியை நாடுகளுக்கிடையே பயன்படுத்தும்படி வறிய நாடுகள் கேட்டபொழுது, வகுத்தவர்களே அதனை மறந்தார்கள்.

3

சர்வதேசச் சூழல் முயற்சிகள் யாவும் வெறும் சொல்லளவில் நின்றன எனக் கூறுவோரும் உளர். அது பிழை. ஓசோன் படலத்தின் கதையை அவர்கள் விரிவாகக் கற்றல் நன்று.

குளோரோபுளோரோகாபன்கள் எனப்படும் சேர்வைகள் 1928 இல் அமெரிக்காவிலே தோமஸ் மிட்ஜ்லியின் குழுவினரால் குளிர்சாதனங்களுக்கெனக் கண்டறியப்பட்டன. (பெற்றோலிலே ஈயச் சேர்வையைக் கலக்கும் முறையைக் கண்டறிந்தவரும் அவரே. ஒரு தனிமனிதர் வளிமண்டலத்துக்கு இத்தனை தீங்கு செய்தது வரலாற்றிலே அரிது. ஆயினும் அவர் சம்பளத்துக்கு ஆய்வு செய்தவர் என்பதையும் மறத்தலாகாது.) அச்சேர்வைகள் தீப்பற்றாதவை, நச்சுத்தன்மையற்றவை, எளிதிலே சிதையாதவை. சிதையாமையே பின்னர் தீங்காயிற்று. அவை மேல்வளிமண்டலத்தை அடைந்து, அங்கே சூரிய ஒளியினாற் சிதைந்து, வெளிப்படும் குளோரின் ஓசோனை அழிக்கும் என மரியோ மொலீனாவும் ஷெர்வுட் றோலண்டும் 1974 இல் எடுத்துக் காட்டினர். உற்பத்திக் கம்பனிகள் அதனை நிரூபிக்கப்படாத ஊகம் என்றன. 1985 இல் ஜோ ஃபாமனும் அவருடைய சகாக்கள் இருவரும் அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் வசந்த காலந்தோறும் பெருமளவு குறைந்து செல்வதை வெளியிட்டனர். அதே ஆண்டு மார்ச்சிலே வியன்னாச் சமவாயமும், 1987 செப்ரெம்பர் 16 இல் மொன்றியல் உடன்படிக்கையும் கைச்சாத்தாயின.

மொன்றியல் உடன்படிக்கையின் மொழியை மற்றையவற்றோடு ஒப்புநோக்குதல் பயனுடையது. எப்பொருள், எந்த ஆண்டுக்குள், எவ்வளவு குறைக்கப்படல் வேண்டும் என்பன அங்கே அட்டவணையாக உள்ளன. ஆளொருவருக்கு ஆண்டுக்கு 0.3 கிலோகிராமுக்குக் குறைவாக நுகரும் வளர்முக நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம் அளிக்கப்பட்டது. உடன்படாத நாடுகளோடு அப்பொருள்களிலே வர்த்தகம் செய்தலும் தடுக்கப்பட்டது. இவ்வளவும் இருந்தும் சீனாவும் இந்தியாவும் சேரவில்லை. மாற்றுத் தொழினுட்பத்தின் செலவை யார் தருவது என அவை வினவின. 1990 இல் லண்டனிலே உடன்படிக்கை திருத்தப்பட்டு, செல்வந்த நாடுகள் பணமிடும் பல்தரப்பு நிதியம் நிறுவப்பட்டது. சீனா 1991 இலும் இந்தியா 1992 இலும் சேர்ந்தன. 2009 அளவிலே ஐக்கிய நாடுகள் தாபனத்தின் உறுப்பு நாடுகள் யாவும் உடன்படிக்கையை ஏற்றிருந்தன. வேறெந்தச் சூழல் ஒப்பந்தமும் அதற்கு முன் அந்நிலையை எய்தவில்லை. ஓசோன் படலம் மெல்லத் தேறிவருகின்றது.

இவ்வெற்றியை அறிவியலின் வெற்றியாகவும் இராசதந்திரத்தின் வெற்றியாகவும் போற்றுவது வழக்கம். இரண்டும் உண்மையே. மூன்றாவதொன்றும் உண்டு. உலகிலே அச்சேர்வைகளை மிகுதியாக உற்பத்தி செய்த டூபோன்ட் கம்பனி, பத்தாண்டுகளுக்கு மேலாக எதிர்த்து நின்றுவிட்டு, 1986 இலே சர்வதேசக் கட்டுப்பாட்டை ஆதரிக்கத் தொடங்கி, 1988 இலே உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பழைய பொருளின் காப்புரிமைகள் காலாவதியாகி எவரும் செய்யத்தக்க மலிவான சரக்காக அது மாறியிருந்தது. மாற்றுப் பொருளைச் செய்யும் ஆய்வும் மூலதனமும் பெருங்கம்பனிகளிடம் இருந்தன. தடை அவர்களுக்குப் புதிய சந்தையைத் திறந்தது. அம்மாற்றுப் பொருள்களிற் சில கடுமையான பச்சைவீட்டு வாயுக்கள் எனக் கண்டு, அவற்றைக் குறைக்க 2016 இல் கிகாலியிலே மீண்டும் திருத்தம் செய்யவேண்டி வந்தது. மூலதனத்துக்கு வெளியேறும் வாசல் இருந்தமையால் உடன்படிக்கை தெளிவான மொழியிலே பேச முடிந்தது. வறிய நாடுகள் ஒன்றுபட்டு நின்றமையால் அம்மொழியிலே பணமும் இடம்பெற்றது. இவ்விரு காரணிகளுள் ஒன்று குறைந்திருப்பினும் மொன்றியல் இன்னொரு நற்போதனைப் பத்திரமாக முடிந்திருக்கும்.

4

காலநிலைப் பிரச்சினையிலே அவ்வாசல் இல்லை. நிலக்கரியும் பெற்றோலியமும் ஒரு தொழிலின் பண்டங்கள் மாத்திரமல்ல; இரு நூற்றாண்டுகளாக நடந்துவரும் மூலதனத் திரட்சியின் எரிபொருள்கள் அவை. காபனீரொட்சைட்டு பூமியை வெப்பமாக்கும் என்பதை ஸ்வாந்தே அரேனியஸ் 1896 இலேயே கணக்கிட்டார். 1958 இலே ஹவாய்த் தீவின் மௌனா லோவாவிலே சார்ள்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபொழுது பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. இதுவரை எரிபொருளால் வெளியான காபனீரொட்சைட்டிலே ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஐக்கிய அமெரிக்காவினுடையது.

கணக்கிடுதலும் ஓர் அரசியற் செயலே என்பதை 1991 இல் புதுடில்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதி வெளியிட்ட சிறுநூல் அம்பலப்படுத்தியது. வாஷிங்டனிலுள்ள உலக வள நிறுவனம் நாடுகளைத் தரப்படுத்தி, இந்தியா, சீனா, பிறேசில் முதலியவற்றையும் பெருங்குற்றவாளிகளின் வரிசையிலே நிறுத்தியிருந்தது. நெல்வயலிலிருந்தும் மாடுகளிலிருந்தும் எழும் மெதேனும், மோட்டார் வாகனத்திலிருந்து எழும் காபனீரொட்சைட்டும் அங்கே ஒரே தராசில் இடப்பட்டன. உயிர் பிழைப்பதற்காக வெளியாகும் வாயுவையும் சொகுசுக்காக வெளியாகும் வாயுவையும் சமப்படுத்துவது சூழற் குடியேற்றவாதமாகும் என அவ்விருவரும் வாதித்தனர். நாற்று நடும் பெண்ணின் சேற்றையும் கார்க்காரனின் புகையையும் ஒரு கூட்டற் கணக்கிலே சேர்க்கும் அந்தத் தராசுதான், முன்னர் நாம் கண்ட "மனிதன்" என்னும் எழுவாயின் புள்ளிவிவர வடிவம்.

1992 இல் றியோவிலே கைச்சாத்தான காலநிலை மாற்றச் சமவாயம், பொதுவான, ஆனால் வேறுபடுத்தப்பட்ட பொறுப்புகள் என்னும் தொடரை ஏற்றுக்கொண்டது. வறிய நாடுகள் பொருதிப் பெற்ற தொடர் அது. "பொதுவான" என்பதை ஒரு தரப்பும் "வேறுபடுத்தப்பட்ட" என்பதை மறுதரப்பும் இன்றுவரை அழுத்தி வாசிக்கின்றன. எனினும், றியோப் பிரகடனத்திலே அத்தொடர் இடம்பெறும் ஏழாவது கோட்பாட்டின் மீது ஐக்கிய அமெரிக்கா ஓர் எழுத்துமூலமான விளக்கத்தைப் பதிவு செய்தது. தனக்குச் சர்வதேசக் கடப்பாடோ பொறுப்பீடோ உண்டு என்ற பொருள்கோள் எதனையும் தான் ஏற்கவில்லை என்பது அதன் சாரம். பனுவலிலே விட்டுக்கொடுத்ததை அடிக்குறிப்பிலே மீட்டுக்கொள்ளும் உத்தி இது.

1997 இன் கியோட்டோ உடன்படிக்கை தொழில்வள நாடுகள் 2008 முதல் 2012 வரையிலான காலத்திலே 1990 ஆம் ஆண்டு மட்டத்திலிருந்து சராசரி 5.2 வீதம் குறைத்தல் வேண்டும் என விதித்தது. சிறிய தொகை. அதற்கும் முன்னதாகவே, அவ்வாண்டு யூலையில், வளர்முக நாடுகளையும் கட்டுப்படுத்தாத எந்த ஒப்பந்தத்தையும் ஏற்கலாகாது என அமெரிக்க மேற்சபை 95 வாக்குகளால், ஒரு வாக்கும் எதிராக இன்றித் தீர்மானித்திருந்தது. 2001 இல் அந்நாடு வெளியேறியது. ஏனைய நாடுகளுக்கோ வெளியீட்டு உரிமையை வாங்கவும் விற்கவும் சந்தை திறந்துவிடப்பட்டது. மூலதனம் தான் அழித்த காற்றையும் பண்டமாக்கியது. 2009 இல் கோப்பன்ஹேகனிலே 2020 அளவில் ஆண்டுக்கு 10,000 கோடி டொலர் தரப்படும் என வாக்களிக்கப்பட்டது. கொடுத்தோரின் சொந்தக் கணக்கின்படியே 2022 இலேதான் அத்தொகை எட்டப்பட்டது. அதிலும் பெரும்பகுதி கடன்.

2015 டிசெம்பர் 12 இல் பாரிசிலே நிகழ்ந்ததொன்றை மொழி மாணவர் எவரும் தவறவிடலாகாது. இறுதி வரைவின் நாலாம் உறுப்புரையிலே, வளர்ச்சியடைந்த நாடுகள் வெளியீட்டைக் குறைப்பதில் தொடர்ந்து முன்னிற்றல் வேண்டும் என்னும் கருத்து கட்டாயப் பொருள் தரும் வினையால் எழுதப்பட்டிருந்தது. அவ்வாறாயின் அதனை அமெரிக்க மேற்சபையின் முன் வைக்க நேரும் என்பதை அந்நாட்டுத் தூதுக்குழு கண்டுகொண்டது. கூட்டம் தாமதமாயிற்று. பின்னர், எழுத்துப் பிழைகளின் திருத்தப் பட்டியலை அதிகாரி ஒருவர் வாசிக்குமிடத்து அவ்வினையின் மாற்றமும் ஒன்றாக வாசிக்கப்பட்டது. நம் இலக்கண மரபிலே சொல்வதாயின், ஏவல் வியங்கோளாயிற்று, கட்டளை விருப்பமாயிற்று. சுத்தியல் விழுந்தது. அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. அதே நாளில் ஏற்கப்பட்ட தீர்மானத்தின் 51 ஆம் பந்தி, இழப்பும் சேதமும் பற்றிய உறுப்புரை பொறுப்பீட்டுக்கோ நட்டஈட்டுக்கோ அடிப்படையாகாது எனத் திட்டவட்டமாகக் கூறுகின்றது. செய்ய வேண்டியவற்றைக் கூறுகையிலே நெகிழ்ந்த மொழி, கொடுக்க வேண்டாதவற்றைக் கூறுகையிலே மட்டும் கல்லாக இறுகிவிட்டதை நோக்குக. இத்தனை சலுகையும் பெற்ற அந்நாடு 2020 நவம்பரில் விலகி, 2021 இல் மீண்டு, 2025 சனவரியில் மறுபடியும் விலகும் ஆணையிலே கையொப்பமிட்டது.

5

இதுவரை கூறியதைக் கொண்டு, வடக்கு குற்றவாளி, தெற்கு நிரபராதி என முடிவு கட்டுதல் இலகு. மார்க்சியர் அவ்விலகுவான பாதையிலே செல்லலாகாது. ஆரல் கடலுக்கு நீரூட்டிய ஆறுகளை 1960களிலிருந்து பருத்தி வயல்களுக்குத் திருப்பி அக்கடலை வற்றச் செய்தது தனியார் மூலதனமன்று, திட்டமிடற் குழு. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை இயற்கையின் மீதான படையெடுப்பாக விளங்கிக்கொண்ட ஒரு பொருளாதாரவாதம் சோசலிசத்தின் பெயரால் இயங்கியது. எங்கெல்சு எச்சரித்திருந்ததை அவருடைய உருவப்படத்தின் கீழிருந்தே மறந்தனர்.

தெற்கின் நிலைமையும் ஆராய்வுக்குரியது. 2021 இல் கிளாஸ்கோவிலே நிலக்கரிப் பாவனையை "ஒழித்தல்" என்றிருந்த சொல், இறுதி நிமிடத்திலே இந்தியாவின் கோரிக்கையால் "குறைத்தல்" ஆயிற்று. வறியோரின் விளக்குக்காக அது கேட்கப்பட்டதென்றே சொல்லப்பட்டது. நிலக்கரிச் சுரங்கத்துக்காகச் சத்தீஸ்கரிலும் ஜார்க்கண்டிலும் காடிழந்த ஆதிவாசிகளும் வறியோரே. முன்னர் அகர்வாலும் நாராயணும் நாற்று நடுபவளுக்காக வாதாடி வென்ற தொடரை, அவளை ஒருபோதும் கண்டிராத முதலாளிகள் தம் கேடயமாக்கிக்கொண்டனர். "வளர்முக நாடு" என்பதும் ஒரு கூட்டு எழுவாயே. அதற்குள்ளும் தோன்றாதோர் உண்டு.

6

பொறுப்பீடு என்ற சொல்லை உடன்படிக்கைகள் இவ்வளவு அஞ்சுவதேன் என்பதை இலங்கையர் அண்மையிலே அனுபவத்தால் அறிந்தனர். 2021 மேயில் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, யூனிலே மூழ்கிய எக்ஸ்-பிறஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலிலே கலந்தன. நீர்கொழும்புப் பகுதி மீனவர் தொழிலிழந்தனர். கப்பலின் நிறைக்கேற்பப் பொறுப்பீட்டுக்கு உச்ச வரம்பிடும் 1976 ஆம் ஆண்டுச் சமவாயத்தின் வழிவந்த விதிகளின் கீழ், 2023 இல் லண்டன் நீதிமன்றம் உடைமையாளரின் பொறுப்பை ஏறத்தாழ 1 கோடி 90 இலட்சம் பவுணாக வரையறுத்தது. கப்பற் சொந்தக்காரரின் நட்டத்துக்கு எல்லை கட்டும் இக்கோட்பாடு கடல் வாணிபத்தோடு வளர்ந்த பழைய கோட்பாடு. மீன்களின் நட்டத்துக்கு எல்லை கட்டும் சமவாயம் எதுவும் இல்லை. 2025 யூலையில் நமது உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் செலுத்துமாறு ஆணையிட்டது. ஆணை பிறப்பித்தல் ஒன்று, சிங்கப்பூரிலுள்ள கம்பனியிடமிருந்து பணம் பெறுதல் மற்றொன்று.

அதே மாதத்தில், 23 ஆந் திகதி, ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் காலநிலை மாற்றம் தொடர்பாக அரசுகளின் கடப்பாடுகள் பற்றிய ஆலோசனைக் கருத்துரையை ஏகமனதாக வழங்கியது. அந்நீதிமன்றத்திலே இத்தகைய சிந்தனைக்கு வித்திட்டோருள் ஓர் இலங்கையர் முக்கியமானவர். 1997 இலே டனியூப் நதியின் அணைகள் பற்றிய ஹங்கேரி, சிலோவாக்கிய வழக்கிலே, உப தலைவராயிருந்த கிறிஸ்ரபர் வீரமந்திரி தனித்து எழுதிய கருத்துரையில் இலங்கையின் பண்டைய குளங்களையும், நிலம் மக்களுக்குரியது, மன்னன் அதன் காவலனே என மகிந்தர் தேவநம்பியதீசனுக்குப் போதித்ததாக வரும் செய்தியையும் சான்றாகக் காட்டினார். எச்சமூகமும் பூமியின் உடைமையாளர் அன்று, அனுபவிப்போரே என மூலதனத்தின் மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் கூறுவதோடு இது ஒப்பிடத்தக்கது. வீரமந்திரியின் நோக்கம் உயர்ந்தது. எனினும், அக்குளங்களை வெட்டியது இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். ஐந்திணையிலே சூழலியல் முழுவதையும் கண்டுவிட்டதாக நம் தமிழ்ச் சங்க மேடைகளிலே முழங்குவோருக்கும் இக்குறிப்புப் பொருந்தும். பழம்பெருமை பேசுவோர் பாலைத்திணையிலே வழிப்பறி செய்தவனின் வயிற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

2025 இன் கருத்துரைக்குக் காரணமான முயற்சி வல்லரசு எதனிடமிருந்தும் வரவில்லை. 2019 இலே தென் பசுபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர் சிலர் வனுவாத்துவிலே ஒரு வகுப்பறைப் பயிற்சியாகத் தொடங்கியது அது. வனுவாத்து அரசாங்கம் அதனை ஏற்று, நாடு நாடாகச் சென்று ஆதரவு திரட்டியது. 2023 மார்ச் 29 இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை வாக்கெடுப்பின்றியே வினாவை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. பெருவெளியீட்டு நாடுகள் பல, பாரிஸ் முதலிய காலநிலை உடன்படிக்கைகளுக்கு அப்பால் தமக்குக் கடப்பாடு எதுவும் இல்லை என ஹேக்கிலே வாதிட்டன. தாமே நெகிழ்த்தி எழுதிய பனுவலுக்குள் புகலிடம் தேடின என்பதே பொருள். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. வழக்காற்றுச் சர்வதேசச் சட்டமும் பிணிக்கும். எரிபொருள் உற்பத்திக்கும் அகழ்வுக்கும் அனுமதி அளித்தலும் மானியம் வழங்கலும் அரசின் தவறான செயலாகக் கொள்ளப்படலாம். காரண காரியத் தொடர்பு நிறுவப்படின் முழு நட்டஈடு கோரலாம் என அது கூறியது. ஐம்பத்து மூன்று ஆண்டுகளின் பின் வாக்கியத்துக்கு ஓர் எழுவாய் கிடைத்தது. அனுமதிப் பத்திரத்திலே ஒப்பமிடும் அரசு.

இக்கருத்துரை எந்த அரசையும் நேரடியாகக் கட்டுப்படுத்துவதன்று. இழப்புக்கும் சேதத்துக்குமென 2022 இல் ஏற்கப்பட்ட நிதியத்துக்கு இதுவரை வாக்களிக்கப்பட்ட தொகை தேவையோடு ஒப்பிடத்தக்கதன்று. 2024 இல் பாக்கு நகரிலே 2035 அளவில் ஆண்டுக்கு 30,000 கோடி டொலர் என்ற புதிய வாக்குறுதி அளிக்கப்பட்டபொழுது, வளர்முக நாடுகள் கேட்டிருந்தது 1,30,000 கோடி. பாரிஸ் தீர்மானத்தின் 51 ஆம் பந்தி நீக்கப்படவில்லை.